இறங்காத முள்

ஆரணியில் சந்திரமோகன் வீடு எது என்று கேட்டால் நாலு தெரு காட்டுவார்கள். 'நடுரோட்டு மோகன்' வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அந்தப் பட்டம் அவனுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஒரு மாப்பிள்ளையைச் சேத்துப்பட்டு ரோட்டில் நடுவழியில் இறக்கிவிட்டுச் சம்பாதித்தது.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் நடந்தது. அவனிடம் இருந்தது ஒரு பழைய ஃபியட் பத்மினி. மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடித்து, முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, பின்பக்கம் பெயர் ஒட்டிக்கொண்டு போன வண்டி, சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் 'கடகட'வென்று இருமிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. எஞ்சினில் எண்ணெய் சொட்டுகூட இல்லை. எண்ணெய் தீர்ந்தால் எரிய வேண்டிய சிவப்பு பல்பு ஒன்று டேஷ்போர்டில் உண்டு. அது அதற்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தது. மாப்பிள்ளை பால் வண்டியில் கேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பெண் வீட்டார் பன்னீர் தெளித்தும் பால் வாசனை போகவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மோகனின் அப்பா பச்சையப்பன் அந்தச் சேதியைக் கேட்டு ஒரு வாய் அதிகமாகவே சாப்பிட்டார். அவர் வீட்டில் ஐந்து குழித்தறி. நாலு தறி ஓடும். ஐந்தாவது மகனுக்கென்று வைத்தது. அதில் மகன் உட்காராததால் பூனை உட்கார்ந்திருந்தது.

மோகனுக்குத் தறி ஆகாது என்பதில் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அவனால் ஒரே இடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு தேறாததற்கும் அதுதான் காரணம். காரில் மட்டும் எப்படி மணிக்கணக்காக உட்காருகிறாய் என்று கேட்டால், "அதுல நான் உக்காந்துகினு இருந்தாலும் ஊரு நவுருதில்ல" என்பான்.

எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். அப்போது பச்சையப்பன் நாலு பேர் முன்னால் சொன்னார்:

"டேய் மோகனு, இதான் கடைசி. இன்னொரு தபா உன் வண்டி சவாரியோட ரோட்ல நின்னுச்சு, அன்னிக்கே தறியில உக்காரணும். சரியா?"

"சரி நைனா."

"சத்தியமா?"

"அட, பூனை மேல சத்தியம்."

வார்த்தை கொடுத்தாகிவிட்டது. இனி வண்டி நிற்கக் கூடாது. நிற்பதற்கு முன்னால் தனக்குத் தெரிய வேண்டும். பல்பை நம்பிக் கெட்டவன் முள்ளை நம்பலாம் என்று முடிவு செய்தான். சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் நாளெல்லாம் அலைந்து, ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரைப் பிரித்த இடத்திலிருந்து இரண்டு மீட்டர்களோடு வந்தான். ஒன்று ஆயில் பிரஷரைக் காட்டும். இன்னொன்று ஆயில் சூட்டைக் காட்டும். வட்டமாக, கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்தோடு, வீட்டுக்கு வந்த புது மருமகள்கள் மாதிரி இரண்டும் துணிக்குள் ஒடுங்கியிருந்தன.

மாட்டிக்கொடுக்க வந்தவன் பன்னீர்செல்வம். மோகனோடு பத்தாம் வகுப்பில் சேர்ந்து ஃபெயிலான கார் எலக்ட்ரீசியன். பழைய பல்பு சுவிட்ச் எஞ்சின் பக்கவாட்டில் ஒரு துளையில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே பிரஷர் மீட்டரின் சென்சாரைத் திருக வேண்டும். சூட்டு மீட்டருக்கு எண்ணெய்த் தொட்டியின் அடியில், எண்ணெய் வடிக்கிற போல்ட்டில் ஓட்டை போட்டுச் சென்சாரை இறக்க வேண்டும். மரை சேரவில்லை. லேத்துப் பட்டறையில் பித்தளையில் ஒரு இணைப்பு கடைந்துகொண்டு வந்து திருகினார்கள். எஞ்சினை ஓட்டினால் பிரஷர் சென்சார் பக்கத்தில் எண்ணெய் கசிந்தது.

"ரெண்டு சுத்து நூலைச் சுத்தி ஷெல்லாக் பசை தடவி இறுக்குடா, நின்னுடும்" என்றான் பன்னீர்.

"இன்னா நூலு?"

"பருத்தி நூலுதான். குழாய் ரிப்பேர்காரன் சுத்தறானே, அது."

மோகன் எழுந்து நின்றான். "ஆரணியில பொறந்துட்டு எஞ்சினுக்குப் பருத்தி சுத்துவாங்களாடா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"உங்க அப்பாருக்கும் உனக்கும் ஆவாது, ஆனா பட்டுன்னா மட்டும் சீறிகினு வருவ."

தறியை வேண்டாம் என்கிற வாய்தான், பட்டு என்றால் விட்டுக்கொடுக்காது. மோகன் உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டான். ஹேமலதா மூன்றாவது தறியில் நெய்துகொண்டிருந்தாள். கண்ணமங்கலத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது காரில் வரப்போகிறோம் என்று சந்தோஷப்பட்டவள். வந்து பார்த்தால் கார் அவனுக்கு, தறி இவளுக்கு.

"ஹேமா, இந்த மரையில பட்டு சுத்திக் கொடு. உன் கைக்குத்தான் பிடிமானம் வரும்."

அவள் பட்டுக் கழிவு ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். பித்தளை மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் இழை பக்கத்தில் இழையாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், பல்லைக் கடித்து இழுத்து இழுத்துச் சுற்றினாள். ஊடை நூலைக் கண்டில் சுற்றுவதற்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. முடித்துக் கொடுத்தபோது பித்தளையே வெளியில் தெரியவில்லை. அரக்கு நிறத்தில் மினுமினுவென்று ஒரு பட்டு போல்ட்.

"இதைக் கல்யாணப் பொண்ணுக்கே கட்டி அனுப்பலாமே" என்றான் பன்னீர்.

அடியில் இருக்கிற சூட்டு சென்சாருக்குச் சுற்றக் கழிவு மிஞ்சவில்லை. "அது அடியிலதானே கீது, ஒரு வாஷர் போட்டு இறுக்கு" என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் எஞ்சினை ஓட்டினார்கள். பட்டு சுற்றிய இடத்தில் துளிக் கசிவு இல்லை. பிரஷர் முள் கிறுகிறுவென்று எழுந்து எல்லைக்கே போய் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் விட்டாலும் அசையவில்லை. மோகன் பன்னீரைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான்.

"பாத்தியா? ஃபுல் பிரஷர்! பட்டுடா, பட்டு!"

அந்த மகிழ்ச்சியில் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை. சாவியைப் போட்டவுடன் ஒரே மூச்சில் ஸ்டார்ட் செய்வது மோகனின் வழக்கம். அணைக்கும்போதும் ஒரே திருப்பு. எஞ்சின் ஓடாத நேரத்தில் அந்த முள் என்ன செய்கிறது என்று பார்க்க அவன் அதற்கு நேரமே கொடுக்கவில்லை.

டேஷ்போர்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் மீட்டர்கள் வந்தன. பிள்ளையார் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். செத்துப்போன சிவப்பு பல்பின் துளையை மூட ஹேமலதா தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். ஆயுத பூஜைக்குப் பச்சையப்பனின் தறிகளோடு காருக்கும் பூஜை நடந்தது. மோகனின் அம்மா இரண்டு மீட்டர் கண்ணாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சூட்டு மீட்டரில் எண்பதுக்குமேல் எந்த எண்ணும் தெரியவில்லை. மோகன் துடைக்கவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

ஏனென்றால் அந்தச் சூட்டு முள்ளோடு அவனுக்கு ஒத்துப்போகவில்லை. பிரஷர் முள் எப்போது பார்த்தாலும் உச்சியில் நின்று சலாம் போட்டது. சூட்டு முள்ளோ கொஞ்சம் ஏறும், இறங்கும், வேகமாகப் போனால் முகம் சுளிக்கும், வெயிலில் போனால் பொருமும். வாரம் ஆக ஆக அதன் பொருமல் கூடிக்கொண்டே போனது. அதற்கு மோகன் 'நைனா' என்று பெயர் வைத்தான்.

"எத்தச் செஞ்சாலும் கொறைதான். நல்லதா ஒரு வார்த்தை வராது" என்று சவாரிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஹேமலதா மட்டும் ஒரு நாள் காலையில் கோலப் பொடியோடு வந்து சொன்னாள். "ஏங்க, வாசல்ல கறுப்பா சொட்டு சொட்டா கீது. கோலமே எடுபடல. இன்னான்னு பாருங்க."

"எல்லா வண்டியும் ரெண்டு சொட்டு விடும் ஹேமா. விடலன்னாதான் உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம்."

இந்தப் பதிலில் அவனுக்கே ஒரு பெருமை.

இப்படி இருக்கும்போது எல்லப்பன் வந்தார். ஊரில் பட்டு வியாபாரி. பச்சையப்பன் வீட்டுத் தறிகளுக்குப் பாவு நூல் கொடுப்பதும் சேலை வாங்குவதும் அவர்தான். வாராவாரம் வேலூர் கடைகளுக்குச் சேலை கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்றார். ஏற்கெனவே போய்வந்துகொண்டிருந்த வண்டிக்காரன் சிகரெட் பிடித்துச் சேலையெல்லாம் புகை நாற்றம்.

"உன் வண்டி நிக்கும்னு சொல்றாங்களே மோகனு?"

"மொதலாளி, அது பழைய கதை. இங்க பாருங்க." மோகன் வண்டியை ஓட்டிக் காட்டினான். முள் உச்சியில் நின்றது. "ஃபுல் பிரஷர். பட்டு சுத்தியிருக்கு."

எல்லப்பன் பட்டு என்றதும் மயங்கிவிட்டார். "சரி, இந்த வியாழக்கிழமை ஒரு தபா போய்ப் பாக்கலாம். ஒழுங்கா போய் வந்துட்டா வாராவாரம் உனக்குத்தான்."

வியாழக்கிழமை காலை டிக்கியில் நாலு மூட்டைச் சேலை ஏறியது. பின்சீட்டில் எல்லப்பன். அவர் பக்கத்தில் அம்மா வீட்டில் இறங்க ஹேமலதா. முன்சீட்டில், யாரும் கூப்பிடாமலே, பச்சையப்பன்.

"நீ எங்க நைனா?"

"வேலூர்ல கண்ணு டாக்டரைப் பாக்கணும்."

"உனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"நல்லாத் தெரியுது. அதான் முன்னாடி உக்காந்துகினு பாக்கறேன்."

வண்டி கிளம்பியது. பச்சையப்பன் ரோட்டைப் பார்க்கவில்லை. மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி தூரம் போவதற்குள் சூட்டு முள் குங்குமத்துக்குள் புகுந்துகொண்டது. அவர் துண்டு நுனியை எச்சிலில் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"டேய், இது நூறைத் தாண்டிப் போயிகினு கீது."

"அது அப்படித்தான். அது ஒரு நைனா."

"இன்னாது?"

பின்சீட்டில் ஹேமலதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அதுக்கு நைனான்னு பேரு வெச்சிருக்கேன்."

பச்சையப்பன் பிரஷர் மீட்டரை விரலால் சுட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப இந்தப் பக்கத்துல எப்பவும் தலையை நிமித்திகினு நிக்குதே, அது யாரு?"

"அதான் நானு."

"சரியாத்தான் வெச்சிருக்க. நூறு, நூத்திப்பத்து, நைனா மட்டும்தான்டா பேசறாரு. நீ சும்மா வெறச்சிகினு நிக்கற."

எல்லப்பன் சமாதானத்துக்கு வந்தார். "பிரஷர் நல்லாக் கீதில்ல, விடுங்க. ஒண்ணு கெட்டா ஒண்ணு நல்லாக் கீது."

"ரெண்டும் ஒரே எண்ணெயத்தானே காட்டுது? ஒரே ஆளைப் பத்தி ஒருத்தன் காய்ச்சல்ங்கறான், ஒருத்தன் பயில்வான்ங்கறான். யாரை நம்பறது?"

மோகன் சூட்டு மீட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டினான். முள் துள்ளி, இன்னும் கொஞ்சம் மேலே போனது.

கண்ணமங்கலத்துக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு பஸ், இரண்டு மாட்டு வண்டி, பின்னால் ஒரு வைக்கோல் லாரி. மோகன் எஞ்சினை அணைத்தான். எல்லப்பனுக்குச் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. "டேப்பையாவது போடு மோகனு" என்றார். டேப் ஓடச் சாவியை ஒரு படி திருப்ப வேண்டும். திருப்பினான். பாட்டு வந்தது. கூடவே பிரஷர் முள் கிறுகிறுவென்று எழுந்து உச்சியில் போய் நின்றது.

மோகன் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏங்க" என்றாள் ஹேமலதா பின்சீட்டிலிருந்து. "எஞ்சின் ஓடலியே."

"ம்."

"அப்ப அது யாருக்குப் பிரஷர் காட்டிகினு கீது?"

மோகன் இறங்கிப் பானெட்டைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மறுபடி இறக்கி எடுத்தான். நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பூச்சு. குனிந்து அடியில் பார்த்தால், பட்டு சுற்றாமல் விட்ட சூட்டு சென்சார் போல்ட்டைச் சுற்றி எண்ணெய் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டிருந்தது. கோலத்தைக் கெடுத்தது அதுதான். பட்டு சுற்றிய இடமோ காய்ந்து, பளபளவென்று, ஒரு சொட்டுக்கூட விடாமல் இருந்தது.

அவன் அந்தப் பட்டு போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சென்சாருக்கு ஒரே ஒரு வயர். போகிற கரண்ட் எஞ்சின் உடம்பைத் தொட்டுத்தான் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். உடம்பைத் தொட விடாமல் நடுவில் அரக்குப் பட்டு. ஹேமா கொஞ்சம் மட்டமாகச் சுற்றியிருந்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் பித்தளை எட்டிப் பார்த்திருக்கும். அவள் கொஞ்சமும் விடவில்லை.

ஒரு ஸ்பேனரை எடுத்துச் சென்சார் உடம்பையும் எஞ்சினையும் சேர்த்து வைத்தான்.

"விழுந்துடுச்சு!" என்று உள்ளேயிருந்து பச்சையப்பன் அலறினார். "மோகனு, நீ பொத்துனு விழுந்துட்டடா! செத்துட்ட!"

ஸ்பேனரை எடுத்தான்.

"எழுந்துட்ட!"

மறுபடி வைத்தான்.

"செத்துட்ட!"

தூரத்தில் ரயில் கூவியது. கேட் திறந்தால் கிளம்பிவிடலாம். ஹேமாவின் அம்மா வீடு கொஞ்ச தூரம்தான். அங்கே நிறுத்தினால் அது ரோட்டில் நின்றதாகக் கணக்கில் வராது. சவாரியை இறக்கத்தான் நின்றோம் என்று சொல்லிவிடலாம். வாராவார வேலூரும் தங்கும். ஆனால் குச்சியின் நுனியில் இருந்த பூச்சு சேத்துப்பட்டு ரோட்டை ஞாபகப்படுத்தியது. அந்தக் 'கடகட' சத்தம் இன்னும் காதில் இருந்தது.

ரயில் போனது. கேட் மேலே ஏறியது. பஸ் போனது, மாட்டு வண்டி போனது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

"யோவ் பத்மினி! தூங்கறியா?"

மோகன் வண்டிக்குள் தலையை விட்டான். அப்பாவைப் பார்த்தான்.

"நைனா, வண்டி நின்னுடுச்சு."

"கேட்டுதானே நிறுத்துச்சு?" என்றார் எல்லப்பன் அவசரமாக. "எடுப்பா, போலாம்."

"கேட்டு தொறந்துடுச்சு மொதலாளி. இப்ப நின்னுகினு கீறது நானாத்தான். எடுத்தா எஞ்சின் பூடும்."

பச்சையப்பன் இறங்கிப் பின்பக்கம் போய் வண்டியைத் தள்ளினார். ஓரமாக்கினார்கள். லாரிக்காரன் போகிற போக்கில் மோகனின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு விசாரித்துவிட்டுப் போனான்.

கேட்டுக்குப் பக்கத்து சைக்கிள் கடையில் எண்ணெய் டின் கிடைத்தது. அடி போல்ட்டை இறுக்கினான். எண்ணெய் ஊற்றினான். பிறகு பிரஷர் சென்சாரைக் கழற்றி, பட்டு இழையை உருவ உட்கார்ந்தான். பிளேடு போட்டான், பல்லால் இழுத்தான். வரவில்லை.

"தள்ளுங்க" என்று ஹேமலதா வாங்கி, விரல் நகத்தால் ஒரு தடவு தடவி இழையின் நுனியைப் பிடித்துவிட்டாள். நுனி கிடைத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வந்தது. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "இதைக் கீழ கசியுதே, அந்தப் போல்ட்டுக்குச் சுத்தட்டுமா?" என்றாள்.

"ஐயோ தாயே, அதைத் தொடாத! உண்மை பேசறது அது ஒண்ணுதான்!"

வெறும் மரையை இறுக்கி, எஞ்சினை ஓட்டினான். பிரஷர் முள் இந்த முறை உச்சிக்குப் போகவில்லை. பாதிக்குமேல் எழுந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் தழைந்தது, மிதித்தால் நிமிர்ந்தது. பார்க்க அவ்வளவு கம்பீரமாக இல்லை. எல்லப்பனுக்குப் பிடிக்கவே இல்லை.

"முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சே" என்றார். வேலூரில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "நின்ன வண்டியில இனிமே சரக்கு ஏத்த மாட்டேன் தம்பி, தப்பா நினைக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மோகன் வார்த்தை மாறவில்லை. பூனையை எழுப்பிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினான். எல்லப்பன் கொடுத்த பாவுதான். ஊதா உடம்பு, சிவப்புக் கரை. காலைப் போட்டால் கை மறந்துவிடும். கையைப் போட்டால் கால் கிளட்ச் மிதிப்பதுபோல் மிதிக்கும். இழை அறுந்தால் சந்தோஷமாக எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவான். மற்றவர்கள் சேலையை இறக்கி வெகு நாளாகியும் அவனுடையது இடுப்பைத் தாண்டவில்லை. பச்சையப்பன் பக்கத்துத் தறியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நாளும் பெருமூச்சு விட்டார்.

ஒருவழியாகச் சேலை முடிந்து எல்லப்பன் கடைக்குப் போனது. மறுநாள் காலையிலேயே அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். வாசலிலேயே உதறி விரித்தார்.

"பச்சையப்பா, இங்க வந்து பாரு. கரை ஒரு பக்கம் கன்னியாகுமரிக்குப் போவுது, ஒரு பக்கம் காஷ்மீருக்குப் போவுது. அது போவட்டும். இது இன்னா?"

முந்தானையில், ஜரிகைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தடம். ரேகைகூடத் தெரிந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் மோகனின் நகக்கண்ணிலிருந்து போகாத எஞ்சின் ஆயில்.

"இதை எந்தப் பொண்ணு கட்டிகினு மணையில உக்காரும்? மெக்கானிக் பொண்ணா?"

பச்சையப்பன் தடத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் தறிக்குழிக்குள் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்தான்.

"எழுந்து வெளிய வாடா" என்றார்.

"வார்த்தை கொடுத்திருக்கேன் நைனா."

"உன் வார்த்தையில தீய வெக்க. இன்னொரு சேலை நெய்ஞ்சன்னா இந்த வீட்ல மிச்சம் நாலு தறிக்கும் பாவு வராது. எழுந்து வா. பூனை நாயமா உக்காந்துகினு இருந்துச்சு."

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். புகை பிடிக்கிற வண்டிக்காரனிடமே மறுபடி போயிருந்தார் அவர். போன வாரம் அவன் வண்டி சூடாகி வேலூர் ரோட்டில் எஞ்சின் இறுகிப்போய், சரக்கோடு அரை நாள் வெயிலில் நின்றதைச் சொன்னார். அவன் வண்டியில் மீட்டர் எதுவும் கிடையாது.

"அவன் நிக்கப் போறான்னு அவனுக்கே தெரியல. நீயாவது நிக்கறதுக்கு முன்ன சொன்ன" என்று இழுத்தார். "வர்ற வியாழக்கிழமை வந்துடு. ஆனா இந்தச் சேலை உன் தலையிலதான்."

சேலையை ஹேமலதா எடுத்துக்கொண்டாள். ஆயில் தடத்தை உள்மடிப்புக்குள் விட்டுக் கட்டினால் வெளியில் தெரியாது. கரை போகிற போக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரஷர் சென்சாரிலிருந்து உருவிய அரக்குப் பட்டை அவள் தூக்கிப் போடவில்லை. பிள்ளையாருக்குச் சுற்றிவிட்டாள். அவருக்குக் கரண்ட் வேண்டியதில்லை.

பச்சையப்பன் கண் டாக்டரைப் பார்க்க அடிக்கடி வேலூர் போகத் தொடங்கினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் மகனின் கையைப் பிடித்து நிறுத்துவார்.

"ஒரே மூச்சில ஸ்டார்ட் பண்ணாத. மொதல்ல சாவிய மட்டும் போடு."

போடுவான். அப்பா மீட்டர்களைக் காட்டிக் கேட்பார்.

"நீ படுத்துகினு கீறியா?"

"படுத்துகினு கீறேன் நைனா."

"நானு?"

"நீயும்தான்."

"சரி, எடு."